நூற்று இருபத்தெட்டு அட்டைகள்

லோயர் கேம்ப். மின்நிலையத்துக்குப் பின்னால்
சிறப்புப் பள்ளியில் ஓர் அறை.
மலையிலிருந்து இறங்கும் நான்கு குழாய்களும் ஜன்னலில் தெரியும்.
அவள் பார்க்காதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டேன்.
கவனம் சிதறக் கூடாது.

காமுத்தாய், வயது முப்பத்தாறு.
கூட்டிவந்தவள் அண்ணன் மனைவி ஜெயக்கொடி.
உதவித்தொகைக்குச் சதவீதம் வேண்டும்.
'கூடப் போட்டுத் தாங்க' என்றாள்
காய்கறிக்கடையில் கொசுறு கேட்கும் குரலில்.

அட்டைகளை வைத்தேன். நிறம், வடிவம், எண்ணிக்கை.
எதைக்கொண்டு சேர்ப்பது என்று நான் சொல்லக் கூடாது.
சரி, தப்பு, அவ்வளவுதான்.
பத்து சரியானதும் விதியை மாற்ற வேண்டும்.
மாற்றியதைச் சொல்லக் கூடாது.

நிறம் உடனே பிடிபட்டது.
பதினைந்து வருஷம் குமுளி ஸ்டோரில்
ஏலக்காய் பொறுக்கிய விரல்கள்:
பச்சை பச்சையோடு, வெளுத்தது வெளுத்ததோடு.
சரி. சரி. சரி.
பத்தாவது சரிக்கு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

தப்பு என்றேன்.
அதே பச்சை. தப்பு.
மறுபடி பச்சை. இம்முறை அட்டையை அழுத்தி வைத்தாள்,
ஒட்டாததுதான் குற்றம் என்பதுபோல.
தப்பு.

ஏன் என்று கேட்டேன். கேட்கக் கூடாதுதான்.
'அறியில்லா.'
தினமும் மலையேறி இறங்கியதில் ஒட்டிய சொல்.
'தெரியாதுன்னா அடி விழும்.
இதுக்கு விழாது.'

அறுபத்தொரு விடாப்பிழைகள்.
படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது.
நிரப்பினேன்.

வெளியே ஜெயக்கொடி சொன்னாள்:
தீபாவளியோடு ஸ்டோரில் மெஷின் வந்துவிட்டது.
இவள் இன்னும் விடியற்காலை அஞ்சு மணிக்குத்
தூக்குவாளியோடு ஜீப் நிற்கும் இடத்தில் போய் நிற்கிறாள்.
ஜீப் வேகம் குறைக்காமல் போகிறது.
'அவட்டச் சொன்னீங்களா?'
'சொன்னா புரியுமா அதுக்கு.'

பயிற்சியின் முதல் நாள் அட்டைகளை எடுக்கவில்லை.
'காமு, ஸ்டோர்ல வேலை இல்ல. ஜீப் இனி நிக்காது.'
மூன்று முறை சொன்னேன்.
வெகுநேரம் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.
'எப்ப மாறுச்சு?'
அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

அதன்பின் எதையும் சொல்லிவிட்டே மாற்றினேன்.
'இப்ப மாறுது, காமு.'
சில நாள் மாறினாள்.
சில நாள் பச்சையிலேயே நின்றாள்.
வாரத்தில் இரண்டு விடியல் இன்னும் தூக்குவாளியோடு போகிறாள்;
மறைக்காமல் குறிப்பேட்டில் எழுதுகிறேன்.

ஏழாவது வாரம்,
அறைக்குள் வந்தவள் உட்காரவில்லை.
'சேர் மாறுது' என்றாள் என்னிடம்.
பிறகுதான் திருப்பினாள், ஜன்னலைப் பார்க்க.
நானும் என்னுடையதை இழுத்துப் போட்டேன்.
நான்கு குழாய்களில் மூன்றாவது
எங்கோ நடுவில் ஒழுகிக்கொண்டிருந்தது.