சுக்கு என்ற பெயரில் ஒரு செலவு

துளசிராம் சார்,
பேரேட்டில் நாற்பத்தோராம் பக்கத்தை
சிவப்பு மையால் சுழித்திருக்கிறீர்கள்.
‘சுக்கு, மாதம் ஆயிரத்து இருநூறு.’
சரக்கா ஆளா என்று கேட்டால்
ஆள்தான்.

கோயம்புத்தூர் பார்ட்டி ஒருவர்
துவரம்பருப்பு பாக்கிக்குப் பணமில்லை, இது இருக்கிறது என்று
ஓர் அட்டைப்பெட்டியை இறக்கிவிட்டுப் போனார்.
மேசைத் தராசில் வைத்தோம்.
பெட்டி நீங்கலாக எழுநூற்றைம்பது கிராம்.
வட்டிக்குக்கூடத் தேறாது என்றார்
மூட்டை தூக்கும் ஒச்சு.

கீழமாரட் வீதி உங்களுக்குத் தெரியாததில்லை,
வெங்காயச் சருகு பறக்காத நாளே கிடையாது.
இந்த இனத்துக்கோ வெங்காயம் விஷம்,
ரத்தம் கெட்டுவிடும் என்றார் தல்லாகுளத்து டாக்டரம்மா.
முதலில் சிரித்தேன். வீடு வருவதற்குள்
வயிற்றைக் கலக்கியது.
விடிகாலையில் வாசல் கூட்ட ஒருத்தியைப் போட்டிருக்கிறேனே,
நாற்பத்து மூன்றாம் பக்கம்,
அது இதற்காக.

குணம் என்று பார்த்தால் கொஞ்சம் திமிர்.
பத்துச் சக்கர லாரி பின்னால் நகர்ந்தால்
தான் குரைத்துத்தான் நகர்ந்தது என்று நினைப்பு.
கழுத்தில் பட்டை போட்டால் மூச்சுக்குழல் நசுங்குமாம்;
சாக்கு நாடாவில் நெஞ்சுக்கு ஒரு பட்டை தைத்தேன்,
அதற்குச் செலவு எழுதவில்லை.
ஒருவேளை சோறு தவறினாலும் சர்க்கரை இறங்கிச் சாய்ந்துவிடும்.
எதிர்சேவை அன்று கடை பூட்டியிருந்தும்
அத்தனை கூட்டத்தை வகிர்ந்துகொண்டு
முட்டையும் சோறுமாக வந்தது நான்தான்.
முடி உதிராது, நம் தலைமுடிபோல வளர்ந்துகொண்டே போகும்.
கத்திரி வெயிலில் சாக்கு வெட்டும் கத்தரியால் நானே வெட்டினேன்.
பார்க்கச் சகிக்கவில்லை.
நான்கு நாள் என் முகத்தில் அது விழிக்கவில்லை.

பூர்வீகம் கேட்டீர்கள்.
இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் என்று ஒரு பக்கம்.
ஸ்காட்லாந்திலிருந்து பிழைப்புக்கு இறங்கி வந்த நெசவாளிகள்
மூட்டை முடிச்சோடு கொண்டுவந்த குட்டி நாய்களின் வழி.
ஆலைக்குள் எலி பிடிப்பது வேலை.
பட்டுப்போல் தொங்கும் முடியைப் பார்த்து
இதையும் தறியில்தான் நெய்தார்கள் என்று கேலி பேசுவார்களாம்.
நூலைச் சுமந்துகொண்டு தேசம் கடந்து வந்தவர்கள்
வீட்டுப் பிள்ளை நீங்கள்,
இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.
பிறகு பெரிய வீட்டு அம்மாக்கள் ரிப்பன் கட்டி
மடியில் வைத்து எலியை மறக்கச் சொன்னார்கள்.

மறக்கவில்லை சார்.
ஐப்பசி மழையில் வாறுகால் பொங்கிய ராத்திரி
பருப்பு அட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பெருச்சாளி.
ஒன்றேகால் கிலோ இருக்கும்.
சுக்கு அன்றைக்கு இரண்டு எண்ணூறு.
யாரும் ஏவவில்லை. குரைக்கவும் இல்லை,
லாரிக்கெல்லாம் குரைப்பது.
பிடரியைக் கவ்வி ஓர் உதறு,
ஈரத்துண்டை உதறுவோமே, அப்படி.
ஒச்சு ‘யாத்தே’ என்று மூட்டைமேல் ஏறி நின்றார்.
உதட்டில் மூன்று தையல், எலிக்காய்ச்சல் ஊசி,
ஆட்டோ போக வர.
பில் இணைத்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் பக்கத்தையும் ஒரு தரம் பாருங்கள்.
போன வருஷம் எலிச்சேதம் ஆறு மூட்டை,
இந்த வருஷம் ஒன்றரை.
அதை மட்டும் ஏன் சுழிக்கவில்லை?

செல்லாது என்றால் அடித்துவிடுங்கள்,
சொர்ணத்தாய் சொந்தச் செலவு என்று எழுதிக்கொள்கிறேன்.
ஆனால் போன தடவை வந்தபோது
உங்கள் தோல்பையைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை,
நீங்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போனீர்கள்.
வீட்டுக்குப் போய்
பையைத் திறந்து பார்த்தீர்களா சார்?