இரண்டரை விரற்கடை

புதுவயலில் விடியும் முன்பே
புழுங்கல் வாசனை எழுந்துவிடும்.
சேவுகப்பன் மில்லில் உமி எரிய
ஆறங்குல நீராவிக் குழாய்
நூறடி தூரம்
இருபதடிக்கொரு தூணில் தோள் வைத்துப் போகிறது.
இருபதடி அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

அடியிலேயே ஓரங்குலக் காற்றுக் குழாய்.
அதே தூண்கள், அதே இருபதடி.
இடையில் அது
ஈரவேட்டி போட்ட கொடியாகத் தொய்ந்து
வயிற்றில் தண்ணீர் கட்டிக்கொண்டது.
கடைசியில் கலர் சார்ட்டரின் மூக்கு
காற்றுக்குப் பதில் எச்சில் துப்ப
கறுப்பரிசி வெள்ளையோடு மூட்டைக்குள் போனது.
திருச்சிக்குப் போன லோடு
திருச்சியிலிருந்தே திரும்பி வந்தது.

முதலில் வந்தவன்
பெரியதிலிருந்து ஆங்கிள் இறக்கி
சின்னதையும் சேர்த்துப் பற்றவைத்தான்.
ராத்திரி பார்த்தால் நூல் பிடித்த நேர்கோடு.
காலையில் நீராவி ஏற
பெரியது இரண்டரை விரற்கடை நீண்டது.
இரும்பு யாரையும் கேட்டுக்கொண்டு நீளாது.
குளிர்ந்து கிடந்த சின்னதைத் தரதரவென்று இழுக்க
எல்போவில் மயிரிழை விரிசல்.

பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

"நடுவுல தூண் போட்டா முடிஞ்சுதே?"
நெல் லாரி எங்கே திரும்பும் என்றேன்.
அவர் லாரியைப் பார்த்தார்,
டிரைவர் என்னைப் பார்த்தான்.

மலையரசு கிரைண்டரால் வெல்டுகளை அறுத்தான்.
பொறி உமியில் விழாமலிருக்க
நனைத்த சாக்கைப் பிடித்து நின்றேன்,
கை மரத்துப்போகும் வரை.
பெரியதன் இடுப்பில் பட்டைக் கிளாம்ப்,
அதிலிருந்து இறங்கும் ஆங்கிள்,
ஆங்கிளில் யூ போல்ட்.
வளையத்துக்கும் குழாய்க்கும் இடையே
சைக்கிள் ஸ்போக் நுழையும் சந்து.
தொய்ய விடாது, பக்கம் சாய விடாது,
முன்னே பின்னே போனால் ஏனென்று கேட்காது.
நடுத்தூணில் மட்டும் சின்னதை இறுக்கினேன்.
அதற்கென்று ஓரிடம் வேண்டுமே.

சேவுகப்பன் கம்பால் தட்டினார். கடகடத்தது.
"ஆடுதே. காசு வாங்கிக்கிட்டு
இறுக்காமப் போறீகளே?"

கடைசிக் கிளாம்பிலும் அதனடிக் குழாயிலும்
நேருக்கு நேர் சாக்பீஸ் கோடு போட்டு
காலையில் வரச் சொன்னேன்.

ஏழேகால்.
வால்வு திறந்ததும் எங்கோ ஒரு முனகல்.
மேல்கோடு போய்க்கொண்டே இருந்தது,
டீ ஆறுகிற வேகத்தில்.
கீழ்க்கோடு நின்ற இடத்தில் நின்றது.
இரண்டுக்கும் நடுவே
சேவுகப்பன் விரல் வைத்து அளந்தார்.
தடித்த விரல். இரண்டோடு நிறுத்திக்கொண்டார்.

பில்லில் பட்டை இருந்தது, போல்ட் இருந்தது,
மலையரசு கூலி இருந்தது.
சந்துக்கு என்ன விலை போடுவதென்று தெரியாமல்
ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தேன்.
அவர் அதைப் பேனாவால் சுழித்தார்,
முந்நூறைக் குறைத்துக் கொடுத்தார்.

உள்ளே சார்ட்டர் காய்ந்த காற்றில் தும்ம
கறுப்பரிசி ஒவ்வொன்றாகத் தனியே குதித்தது.
மேலே லேசான கடகடப்பு.
மலையரசு பழக்கதோஷத்தில்
ஸ்பேனரை எடுத்துவிட்டான்.
பையில் போடு என்றேன்.