டெப்லட்

இதல்கசின்ன நிலையத்துக்கு
மூடுபனி வண்டிக்கு முன்னால் வந்துவிடும்.
இருபத்தாறு வருஷம்
பித்தளை வட்டைத் தோற்பையில் போட்டு
வளையத்தைத் தோளுயரம் தூக்கி நின்றிருக்கிறேன்.
ஓட்டுநரின் கை நீளும், பறிக்கும்,
பழைய வளையம் தரையில் உருளும்.
அதற்குப் பேர் டெப்லட்.
அது கையில் இல்லாமல்
அடுத்த நிலையம் வரை எந்த வண்டியும் போகக் கூடாது.
ஒற்றைப் பாதை.

கண்டி ஆஸ்பத்திரியில்
டொக்டர் நோனா காகிதத்தைத் திருப்பிக் காட்டினார்.
வெள்ளையணு ஒரு லட்சத்து எண்பதாயிரம்.
இடப்பக்க விலாவுக்குக் கீழே கல் மாதிரி இருந்தது
மண்ணீரலாம்.
வாய்வென்று நான் இஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன்.
"பய வென்ட எப்பா" என்றார்.
பயப்படாதே என்று ஒருவர் தொடங்கினால்
ஏதோ இருக்கிறது.

எத்தனை வருஷம் என்று கேட்டேன்.
குணவதி என் சட்டையை இழுத்தாள்.
முந்தியென்றால் நாலைந்து விரல் காட்டியிருப்பேன்,
இப்போது சாப்பிட்டபின் தினம் ஒரு டெப்லட்,
விடாமல் போட்டால்
அநேகமாய் மற்றவர்கள் சாகிற வயதில்தான் நீயும் சாவாய்
என்றார் சிங்களத்தில்.
எனக்குச் சிரிப்பு வந்தது, அந்த ஒரு சொல்லுக்கு.
அவருக்கு விளங்கவில்லை.

இது கேட்காவிட்டால் வேறொன்று, விலை கூடியது.
அதுவும் கேட்காவிட்டால் எலும்பு மஜ்ஜை.
கூடப் பிறந்தவர்கள்?
ஒரு தம்பி. எழுபத்துநாலில்
அத்தையின் பாஸ்போட்டில் பெயரெழுதித்
தலைமன்னாரில் கப்பலேற்றினார்கள்.
கூடலூர்ப் பக்கம்.
கடைசிக் கடிதத்தில் முகவரி மழையில் கரைந்திருந்தது.
டொக்டர் 'இந்தியா' என்றெழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

கண்ணிமை வீங்கியது.
கெண்டைக்கால் இழுத்து
நடுச்சாமத்தில் சுவரைப் பிடித்து நின்றேன்.
கணக்கு எட்டாயிரத்துக்கு இறங்கிய மாதம்
மருந்து ஜன்னலில் கையை விரித்தார்கள்.
வெளியே வாங்கினால் சம்பளத்தில் பாதி.

டப்பாவில் பதினொன்று.
குணவதி காலையும் மாலையும் எண்ணினாள்.
பாதியாய் உடைத்துப் போடலாமா என்றாள்.
அரை டெப்லட்டுக்கு வண்டி விடுவார்களா என்று
கத்திவிட்டேன்.
கழுவிய கோப்பைகளையே வெகுநேரம்
கழுவிக்கொண்டிருந்தாள்.

ஒன்று மிஞ்சிய இரவு
தபால் வண்டி நாற்பது நிமிஷம் தாமதம்.
ஜினதாச வளையத்தை எறியவில்லை.
வண்டியை நிறுத்தி, இறங்கி, கையில் தந்தார்.
தோற்பை புடைத்திருந்தது.
வட்டுக்குப் பக்கத்தில் ரப்பர் பட்டி போட்டு
மூன்று அட்டை மாத்திரை.
சுற்றியிருந்த பில்லின் பின்பக்கம்
பதினேழு பெயர், நேரே நானூறு, இருநூறு, ஆயிரம்.
நானுஓயா கன்டீன்காரன் பெயரும் இருந்தது.
அவனோடு எனக்குப் பேச்சு வார்த்தையே இல்லை.

விளக்கு வெளிச்சத்தில்
பெயர்களைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.
கார்ட் விசில் ஊதினார்.
வண்டி அசையவில்லை.
இன்னொரு தரம் ஊதினார்.
எஞ்சின் ஜன்னலில் ஜினதாச
பனிக்குள் கையை நீட்டியபடியே இருந்தார்.
அப்போதுதான் பார்த்தேன்,
அவருக்கான வளையம்
இன்னும் என் தோளில்.