எடைமேடை

ருஸ்தாவியில் எடைமேடை என் பொறுப்பு.
முன்பு இதன் மேல் ஏறி வெளியே போனது
ஆலை வார்த்த குழாய்.
இப்போது போவது ஆலை.

முள் அதே முள்தான்.
பேரேடு மட்டும் புதியது.
பழையதைப் போன குளிர்காலம் அடுப்பில் வைத்தேன்.
ஐம்பத்தாறு முதலான கணக்கு,
இரண்டு கெண்டி தேநீருக்கு வந்தது.

லாரிக்குப் பெரிய மேடை,
கையில் தூக்கி வருகிறவர்களுக்குச் சின்னத் தராசு.
காலையில் முதல் ஆளாக பத்ரி வருவான்,
உலையடியில் இருபத்தோரு வருஷம் நின்றவன்.
குழந்தை வண்டியில் சங்கிலி தள்ளி வருவான்.
வண்டியின் எடையை நான் கழிக்கும்போதெல்லாம்
"குழந்தையையும் சேர்த்தா கழிக்கிறாய்?" என்பான்.
அந்தக் குழந்தை இப்போது கிரீஸில்
யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டுகிறாள்.
இருவரும் சிரிப்போம்.
வண்டி பதினோரு கிலோ.

செம்புக்கு விலை அதிகம்.
செம்புக்காகத்தான் ஓதார் செத்தான்.
கம்பியில் மின்சாரம் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்,
ஊருக்கே இல்லாத மாதம் அது.
அன்று மாலை ஏழு நிமிடம் வந்தது.
வீட்டுக்கு வீடு கைதட்டினார்கள்.
நானும் தட்டினேன், சமையலறையில் நின்று,
விளக்கைப் பார்த்து.

அவன் வெட்டிவைத்திருந்த வரைக்கும்
மைத்துனன் மறுநாள் கொண்டுவந்தான்.
நாற்பது கிலோவும் கொஞ்சமும்.
கொஞ்சத்தை ஐந்து என்று எழுதினேன்.
நான் எழுதிய பொய்க்கணக்கு அது ஒன்றுதான்
என்று சொல்ல ஆசை.

லமாரா பளுதூக்கி ஓட்டியவள்.
மூன்றாம் பட்டறையில், கூரைக்கு ஒரு முழம் கீழே,
கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து
உருகிய இரும்புக் கொப்பரையை
தூங்குகிற பிள்ளையைப் பாயில் விடுவதுபோல் இறக்குவாள்.
இப்போது பஸ் நிலையத்தில் சூரியகாந்தி விதை.
குவளைக் கணக்கு. குவித்துத் தரமாட்டாள்,
தலைதட்டித்தான்.

அவளுடைய கொக்கி ஒருநாள் லாரியில் வந்தது, தனியாக.
யார் சொன்னார்களோ, விதைக்கூடையோடு வந்து நின்றாள்.
அழப்போகிறாள் என்று நாற்காலியை நகர்த்தி வைத்தேன்.
உட்காரவில்லை.
கொக்கியின் உள்வளைவில் விரலை விட்டுப் பார்த்தாள்.
"இந்தத் தேய்மானத்தை எழுபத்தொன்பதிலேயே சொன்னேன்,
எவன் கேட்டான்."
எடை கேட்டாள். சொன்னேன்.
"குறைகிறதே."
முள்ளைத் தட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் நின்றது.
கொக்கிதான் குறைந்திருந்தது.

போன வாரம் துறைமுகத்திலிருந்து துருக்கிக்காரர் வந்தார்,
சேற்றுக்குப் பொருந்தாத காலணியோடு.
சுற்றிலும் பார்த்தார்.
மூன்று பட்டறை இருந்த இடத்தில்
இவ்வளவு வானத்தை வைத்துக்கொண்டு
என்ன செய்வதென்று எங்களுக்கே இன்னும் தெரியவில்லை.
வேறொன்றும் மிச்சம் இல்லையா என்றார்.
பிறகு குதிகாலால் கீழே தட்டினார்.
தகடு நன்றாக ஒலித்தது.
அது நல்ல இரும்பு, எங்களுடையது.

இன்று வெட்டுகிறார்கள்.
வாயு உருளை பத்ரியிடம்தான் இருக்கிறது,
ஆகவே பத்ரிதான் வெட்டுகிறான்.
பேரேட்டில் எழுதுகிறேன்:
பொருள், எடைமேடை. எண்ணிக்கை, ஒன்று.
அடுத்த கட்டத்தில் பேனா நிற்கிறது.
இதை ஏற்றி நிறுக்க
இன்னொரு மேடை இந்த ஊரில் கிடையாது.

கண்மதிப்பாய்ப் போடச் சொல்கிறார் துருக்கிக்காரர்.
பன்னிரண்டு டன் என்கிறான் பத்ரி.
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, யாரும் கேட்காமலே,
பதினான்கு என்கிறாள் லமாரா,
தோலைத் துப்பிவிட்டு.
தூக்கிப் பழகியவள் கண்.
பதினான்கு என்று எழுதுகிறேன்.

பத்ரி கறுப்புக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு
நகரச் சொல்கிறான்.
அப்போதுதான் பார்க்கிறேன்,
மேடையின் நடுவில் நின்றுகொண்டிருக்கிறேன்.
முள் பூஜ்யத்தில் இருக்கிறது.
பழுதில்லை.
லாரிக்காகச் செய்தது,
ஓர் ஆள் ஏறினால் அசையாது.
ஆலை ஓடிய நாளிலும் அசைந்ததில்லை.