எண் நாற்பது

ஜூலையில் மூன்றாவது முறை கரண்ட் போய் வந்த இரவு
பெட்டியைக் காணவில்லை.
ஷூ அலமாரிக்கு மேல்தான் இருக்கிறது.
பச்சை விளக்கு எரிகிறது.
உள்ளே இரண்டு தட்டுகள் சுற்றும் சத்தம்
மழையை மீறிக் கேட்கிறது.
கம்ப்யூட்டருக்கு மட்டும் அது இல்லை.

கண்ணெதிரே இருப்பதையும்
முகவரி தெரியாமல் தொலைக்கலாம் என்று
முலுண்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

மங்கேஷுக்குப் போன் செய்தேன்.
ஒயர் இழுத்துக் கொடுத்த பையன்,
பதினொன்றரைக்கும் எடுப்பான்.
"தீதி, ரவுட்டர்தான் வீட்டுக்காரர்,
பெட்டி குடித்தனக்காரர்.
நம்பர் யாருக்கும் சொந்தமில்லை, வாடகைதான்.
கரண்ட் வந்ததும் எல்லாரும் எழுந்து
மறுபடி வரிசையில் நின்றிருப்பார்கள்.
டிவி முந்தியிருக்கும்."

முந்தித்தான் இருந்தது.
நாற்பதில் டிவி உட்கார்ந்திருந்தது.

ஒவ்வோர் எண்ணாகக் கூப்பிட்டுப் பார்த்தேன்.
பிங் என்பது வேறொன்றுமில்லை,
இருக்கியா என்று கேட்பது.
பதினொன்று: பேச்சு மூச்சில்லை.
பன்னிரண்டு: என் கையிலிருந்த போனே இருக்கிறேன் என்றது.
பதினேழு: ஒரு மில்லிசெகண்டுக்குள் பதில்,
கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்த மாதிரி.

இதே நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்று அறுபத்தெட்டு
மேல் வீட்டிலும் உண்டு, எதிர் விங்கிலும் உண்டு.
ஊரெல்லாம் ஒரே கதவிலக்கம்.
நாலு சுவருக்குள் மட்டும் செல்லும்,
வீட்டில் கூப்பிடும் பெயர் போல.

பெட்டியைக் கவிழ்த்தேன்.
அடியில் பொடி எழுத்தில் பன்னிரண்டு குறிகள்.
பிறந்தபோது ஒட்டியது, எந்த வீட்டுக்குப் போனாலும் கூடவே வரும்.
அதை ரவுட்டரில் எழுதி,
இந்தக் குறி வந்து நின்றால் நாற்பதைக் கொடு,
வேறு யாருக்கும் கொடுக்காதே என்று சொல்லி வைத்தேன்.
சரி என்றது.
கல்யாணம் ஆயிற்றா, கறி சமைப்பீர்களா,
அப்பா பெயர் என்ன,
எதுவும் கேட்கவில்லை.
ஒன்பது வீடு பார்த்துத் திரும்பியவளுக்கு
அது கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

ஹாஜிராவை எழுப்பினேன். "வந்துவிட்டது, பார்."
படம் வெட்டுவது நான், சத்தம் சேர்ப்பது அவள்.
மூன்று வருட வேலை அந்த இரண்டு தட்டிலும்
அச்சு அசலாக.
லேப்டாப்பைத் திறந்தவள்
"எனக்கு அது என்றைக்குத் தெரிந்தது?" என்றாள்.

நான்கு மாதமாகப் பென்டிரைவை நீட்டுகிறாள்.
அது அவள் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

எந்த வைஃபை என்று எட்டிப் பார்த்தேன்.
கெஸ்ட்.
பெட்டி படுக்கையோடு அவள் வந்த அன்று
அவசரத்தில் நானே கொடுத்த பாஸ்வேர்ட்.
அந்த வலையில் உலகம் மொத்தமும் தெரியும்,
ஐஸ்லாந்தின் பனி, ஆம்பூரில் அவள் அக்காவின் முகம்.
ஆறடி தள்ளி ஷூ அலமாரி தெரியாது.

கீழே வாட்ச்மேன் நோட்டில்
ராத்திரிதோறும் அவள் பெயருக்கு எதிரே
அதே சொல்.
ஒப்பந்தத்தில் என் பெயர் மட்டும்.
"ஒரு பெயர் போதுமே" என்று செகரட்டரி சொன்னபோது
எந்தப் பெயர் வேண்டாம் என்கிறார் என்பது
மூன்று பேருக்கும் தெரியும்.
மூன்று மாடியும் அவரைத் திட்டிக்கொண்டே ஏறினேன்.

இப்போது யாரைத் திட்ட.

"பரவாயில்லை, ஸ்பீடு நன்றாகத்தான் இருந்தது" என்றாள்.
சிரிக்கிறாளா என்று பார்க்க வெளிச்சம் போதவில்லை.

உள் பாஸ்வேர்டைச் சொன்னேன்.
இருபது எழுத்து, நடுவில் செத்துப்போன என் நாயின் பெயர்.
ஒவ்வொன்றாகத் தட்டினாள்.
பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று
இரண்டு இடத்தில் நிறுத்திக் கேட்டாள்.

ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதம்.

திரையில் நாற்பது திறந்தது.
அதற்குள் 'ஹாஜிரா' என்று
எப்போதோ நான் பெயரிட்ட ஃபோல்டர்,
அவள் இதுவரை உள்ளே வராதது.
ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு எதையோ ஓடவிட்டாள்.
கண்ணை மூடிக்கொண்டாள்.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.