முந்நூறு நாற்காலி

முந்நூறு நாற்காலி, ஆறு கெனோப்பி,
இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஜெனரேட்டர்.
செந்தூலில் பழைய ரயில் பட்டறைக்குப் பின்னால்
கார் நிறுத்தும் தார்த்தரை.
சனிக்கிழமை, காலை பத்து முதல் இரவு பதினொன்று.
ரசீதில் நிகழ்ச்சி என்ற கட்டத்தில்
‘ஆப்பிரிக்க, கரீபிய நாள்’ என்று எழுதினேன்.
கல்யாணம், கருமாதி, திருவிழா தவிர
வேறொன்றும் கண்டதில்லை அந்தக் கட்டம்.

நம்மவர்களுக்குப் பாதி முன்பணம்.
இவர்களிடம் முழுப்பணம்,
மேலே ஐந்நூறு வெள்ளி டெப்பாசிட்.
குவாபெனா என்ற அந்த உயரமான பையன்
ஏன் என்று கேட்கவில்லை. எண்ணி வைத்தான்.
வாடகை வீட்டுக்கும் இப்படித்தான்
எண்ணிப் பழகியிருப்பான் என்பது
அப்போது எனக்கு உறைக்கவில்லை.

லோரியில் சாமான் ஏற்றும்போது
மச்சான் தவசீலன் அவர்களை ஒரு சொல்லால் சொன்னான்.
நான் சிரித்தேன்.
எங்களைச் சொல்லவும் இந்த ஊரில் ஒரு சொல் உண்டு.
அதற்கு நான் சிரித்ததில்லை.

பகலெல்லாம் நெருப்பு வெயில்.
ஒரு கெனோப்பியின் கீழ் முடி பின்னுகிறார்கள்;
பின்னிக்கொள்ள வரிசையில் இரண்டு சீனப் பெண்கள்.
வாழைப்பழம் எண்ணெயில் பொரிகிறது.
பீசாங் கோரெங்தானே என்று வாங்கிக் கடித்தால்
உப்பு, மிளகாய், கண்ணில் நீர்.
தக்காளிச் சோறு யாருடையது என்று
கானாவும் நைஜீரியாவும் கரண்டியோடு வாதாடின.
நான் இரண்டு தட்டும் தின்று
தீர்ப்பை ஒத்திவைத்தேன்.

மணி ஐந்து.
கோலாலம்பூர் மழைக்கு பெர்மிட் கிடையாது.
கெனோப்பிகள் ஆறும் வயிறு தள்ளின.
துடைப்பக் கட்டையால் நான் குத்தித் தூக்க
குடம் குடமாய் என் தலையிலேயே கொட்டியது.
ஜெனரேட்டர் இருமியது, அடங்கியது.
ஸ்பீக்கர் இரண்டும்
சாவு வீட்டு உறவினர் போல
கைகட்டி நின்றன.
இனி பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்று
மனத்துக்குள் பதில்களை அடுக்கத் தொடங்கினேன்.

டிரினிடாட்டுக்காரர் ஒருவர்
எண்ணெய்ப் பீப்பாயின் மேல் கிடந்த துணியை எடுத்தார்.
சுத்தியலால் அடித்து அடித்துக் குழித்த தகரம்.
தகரத்துக்கு எதற்கு மின்சாரம்?
மழை தேங்கிய குட்டைகளுக்கெல்லாம்
யாரோ சுருதி சேர்த்தது போல் ஒரு சத்தம்.
பின்னாலேயே தோல் மத்தளங்கள்.
தார்த்தரை முழுக்கச் செருப்பில்லாத கால்கள்.
தைப்பூசத்துக்கு உறுமி அடிக்கும் தவசீலன்
சும்மா இருப்பானா,
நாற்காலி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுத்
தட்டத் தொடங்கினான்.
வாடகை நாற்காலி. கால் ஒன்று போயிற்று.
நான் பார்க்காதது போல் இருந்தேன்.

இரவு கணக்கு முடிக்க வந்தவள்
குவாதலூப் தீவுக்காரி,
இங்கே பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறாளாம்.
என் அத்தை மகள் நிறம். அதே மூக்கு.
பெயர் கேட்டேன்.
ஜொஸ்லின் மூத்துசமி என்றாள்.
மறுபடி கேட்டேன்.
எழுத்து எழுத்தாய்ச் சொன்னாள், பதினோரு எழுத்து.
தமிழில் ஐந்தாக எழுதினேன்:
முத்துசாமி.

ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
இது என்ன என்றாள்.
உன் அப்பா பெயர் என்றேன்.
தாத்தாவின் அப்பா கப்பலில் வந்தவராம், கரும்பு வெட்ட.
எந்த ஊரிலிருந்து என்று தெரியாதாம்.
என் கொள்ளுத்தாத்தாவுக்கு ரப்பர்.
ஊர்ப் பெயர் தெரியும், போனதில்லை.
எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று
கேட்டுத்தான் ஏறியிருப்பார்களா இருவரும்?

அவள் கட்டிக்கொடுத்த ஆட்டுக்கறிக்குக் கொலொம்போ என்று பெயர்.
குழம்பு என்று என் வாய் தானாகத் திருத்தியது.
சரியா தெரியவில்லை. காரம் போதாது.

டெப்பாசிட் ஐந்நூறையும் திருப்பிக் கொடுத்தேன்.
குவாபெனா எண்ணிப் பார்த்தான்.
எண்ணட்டும்.

லோரியில் ஏறியவை இருநூற்றுத் தொண்ணூற்றேழு.
ஒன்றுக்குத் தவசீலன் பொறுப்பு.
இரண்டு எங்கே போயின என்று விசாரிக்கவில்லை.
விடிந்தால் ரவாங்கில் காதுகுத்து.
முந்நூறு கேட்டிருக்கிறார்கள்.