உஜ்ஜா

அர்ஜேனே பந்தினி கொடுத்த மனுவில்
ஒரே வரி:
பக்கத்து வீட்டு வால்நட் மரம் என் அவரையைக் கொல்கிறது.

நில அளவைக்காரன் நான்.
முஜெல்லோ மலையடியில் இருபத்தாறு வருடம்.
வேலியோ வாய்க்காலோ எல்லைக்கல்லோ,
ராத்திரியில் யார் எவ்வளவு நகர்த்தினார் என்று
நாடா பிடித்துச் சொல்லிவிடுவேன்.
நிழலுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஆகஸ்ட். மணி நான்கு.
மரம் நேதோவின் மண்ணில் நேராகத்தான் நின்றது.
ஒரு கிளைகூட வேலி தாண்டவில்லை.
நிழல் தாண்டியது.
முள்கம்பியில் கிழியாமல் இறங்கி
மூன்றாம் பாத்தியில் படுத்துக்கொண்டது.
அங்கே கொடி நூலாய் வெளிறி
காய்க்க மறந்து நின்றது.

"உஜ்ஜா" என்றாள்.

மரநிழல் விழுந்து பயிர் குன்றுவதற்கு
எங்கள் பக்கத்துப் பழைய சொல்.
நகரத்தில் அதை
மழைநாள் சலிப்புக்குச் செலவழிக்கிறார்கள்.
ஒரு ஆள்மேல் வைத்தால்,
அவன் முகமே ஆகாது என்று பொருள்.

"மரத்தையா சொல்றீங்க, நேதோவையா?"
என் காலணியைப் பார்த்தாள்.
"பதினோரு மீட்டர். எழுதிக்கோ."

நேதோ மறுக்கவே இல்லை. ஒயின் ஊற்றினான்.
அவள் தம்பி கல்யாணத்தில்
இவனை எழுப்பி இடம் மாற்றினார்களாம்,
சமையலறைக் கதவோரத்துக்கு.
தட்டு தூக்கிப் போனவர்கள் எல்லாம்
தோளில் இடித்துக்கொண்டே போனார்களாம்.
எந்த வருடம் என்று கேட்டேன்.
வருடம் சொல்லவில்லை. சன்னல் வழியே மரத்தைக் காட்டி,
தன் இடுப்பில் கை வைத்து
"அப்போ இவ்வளவு" என்றான்.

நவம்பர் காற்று வழக்கை முடித்தது.
மரம் அவன் பக்கமே சாய்ந்தது, கோழிக்கூண்டின் மேல்.
மூன்று கோழி போனது.
அந்த வாரம் அர்ஜேனே முட்டை சமைக்கவில்லை என்று
ஊரில் ஒரு பேச்சு.
துக்கமா, கடையில் இல்லையா, தெரியாது.

அடுத்த ஆகஸ்ட்டில்
தண்ணீர்க் குழாய் விஷயமாகப் போனேன்.
மூன்றாம் பாத்தியில் கொம்பு வளைய அவரை.
நடுவே நாற்காலி போட்டு உரித்துக்கொண்டிருந்தாள்,
தலையில் வைக்கோல் தொப்பி.
கோயில் மணி நான்கு அடித்தது.
எழுந்தாள். மடியில் அள்ளிய அவரையோடு
நாற்காலியை இழுத்துப்போய்
வேறொரு வெயிலில் உட்கார்ந்தாள்.
விட்டுவந்த தரையில் எதுவும் இல்லை.

எதிர்ச் சன்னலில் நேதோ
அவள் உட்காரும்வரை பார்த்திருந்து
திரையை இழுத்துவிட்டான்.

பழக்கம், நாடாவை எடுத்தேன்.
வெட்டிய அடிமரத்திலிருந்து அவள் கால்வரை
பதினோரு மீட்டர், ஒரு சாண்.
பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு
படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.